தேறவே மாட்டான் என்று தோன்றுகிற தம்பிக்காக ஜெபிப்பதை நிறுத்திவிடலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 38 வயது. 16 வருடக் குடி. அம்மாவை அடித்திருக்கிறான், மனைவியின் தாலிச் செயினை விற்றிருக்கிறான். நான்கு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாயிற்று. கடைசியாக வெளியே வந்த இரண்டாம் நாளே குடித்துவிட்டான். சபை மூப்பர் ஒருவர் ரோமர் முதல் அதிகாரத்தைக் காட்டி, "தேவன் அவனைக் கேடான சிந்தைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார், இனி அவனுக்காக அழாதே" என்று சொல்லியிருக்கிறார். ஜெபத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது என்னவென்றால், உங்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. விட்டுவிட்டால் அது பாவமா என்பதைத்தான் கேட்கிறீர்கள். ஜெபத்தைப் பற்றிய கேள்விக்கு வேதத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம். மற்றதற்குக் கொஞ்சம் அனுபவமும் வேண்டும்.

நான் 31 வருடம் சி.எஸ்.ஐ. போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள பாறசாலை, வெள்ளறடை வட்டாரத்துச் சபைகள். களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போனால் என்னை ஐயர் என்பார்கள், இந்தப் பக்கம் வந்தால் அச்சன் என்பார்கள். திருவனந்தபுரம் கண்ணம்மூலை செமினரியில் படித்த கிரேக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. மருத்துவம் பற்றிக் கீழே சொல்லியிருப்பது, குடிநோயாளிகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் மூப்பர் காட்டிய வசனம். ரோமர் முதல் அதிகாரத்தில் 24, 26, 28 என்று மூன்று இடத்தில் "ஒப்புக்கொடுத்தார்" வருகிறது. பவுல் அங்கே பேசுவது மனுக்குலம் முழுவதையும் பற்றி. எந்தத் தனி ஆளையும் காட்டி, இவன் கணக்கு முடிந்தது என்று அவர் எழுதவில்லை. அதிகாரம் மாறிய உடனே, இரண்டாம் அதிகாரம் முதல் வசனத்தில், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை என்று வாசிக்கிறவன் பக்கமே விரலைத் திருப்புகிறார். மூப்பர் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். இன்னும் கொஞ்சம் புரட்டி 8:32-க்கு வாருங்கள். தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை "ஒப்புக்கொடுத்தவர்" என்று இருக்கும். தமிழில் மட்டுமல்ல, கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் அதே வினைச்சொல்தான். மனிதர்கள் எந்தப் பள்ளத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார்களோ, அந்தப் பள்ளத்துக்கே மகனும் ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்பதுதான் பவுலின் வாதம் என்று நான் வாசிக்கிறேன். இந்த வாசிப்பு என் கண்டுபிடிப்பு அல்ல. ஒரே சொல்தான் என்பதில் சந்தேகமும் இல்லை. பவுல் வேண்டுமென்றே அப்படிக் கோர்த்தாரா என்று மட்டும் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இனி நிஜமாகவே கடினமான வசனங்கள். இவற்றை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நாளைக்கே வேறொருவர் எடுத்து நீட்டுவார். மத்தேயு 12-ல் ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று இயேசுவே சொல்கிறார். அங்கே எதிரே நிற்பவர்கள் குடிகாரர்கள் அல்ல. கண்ணெதிரே ஒருவன் சுகமானதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்ற வேதம் படித்த பரிசேயர்கள். அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்புதான், நெரிந்த நாணலை முறிக்காமலும், மங்கியெரிகிற திரியை அணைக்காமலும் இருப்பார் என்ற ஏசாயாவின் வாக்கை மத்தேயு எடுத்து வைத்திருக்கிறார். எபிரெயர் 6-ல், மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று வருகிறது. இது கடுமையான வசனம்தான், மழுப்பமாட்டேன். ஆனால் மூன்று வசனம் தள்ளி, "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டு, உங்களைப் பற்றி நல்லதையே நம்புகிறோம் என்கிறார் அதே ஆசிரியர். 1 யோவான் 5:16 எனக்கு இன்றுவரை இருட்டாகத்தான் இருக்கிறது. மரணத்துக்கு ஏதுவான பாவம் ஒன்று உண்டு, அதற்காக வேண்டச் சொல்லமாட்டேன் என்கிறார் யோவான். அது எந்தப் பாவம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக நடிக்கிற பிரசங்கியாரை நம்பாதீர்கள். வேண்டக் கூடாது என்று தடுத்ததாகவும் அந்த வசனத்தில் இல்லை.

சபை சரித்திரத்தில் இந்தச் சண்டை பழையது. 250-ல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளை போட்டபோது, உயிருக்குப் பயந்து ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டுவிட்டார்கள். கலகம் ஓய்ந்ததும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர், இவர்களைச் சேர்க்கவே கூடாது, சபை சுத்தவான்களுடையது என்று பிரிந்து போனார். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் அந்தக் கடுமையை ஏற்கவில்லை. அதற்காகக் கதவை அகலத் திறந்தும் போடவில்லை. மனந்திரும்புதலுக்குக் காலம் வேண்டும், அடையாளம் வேண்டும், ஆனால் வாசல் உண்டு என்றார். பெருவாரியான சபை அவர் பக்கம் நின்றது. தாம்பத்தியத்தில் வன்முறை, போதை, திருட்டு என்று எங்கள் கமிட்டிகளில் இன்று நடக்கிற வாக்குவாதம் எல்லாம் இதே இரண்டு கட்சிதான். பெயர் மட்டும் தெரியாது.

நீங்கள் கத்தோலிக்கர்களோடு பழகுகிறவர் என்றால் சிஸ்டர் ராணி மரியாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழி ஊர்க்காரர். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக வேலை செய்ததற்காக 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸை நிறுத்திக் குத்திக் கொன்றார்கள். குத்தியவர் சமுந்தர் சிங். 2002-ல் ராணி மரியாவின் சொந்தத் தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், சிறைக்குப் போய், சகோதரனாக ஏற்றதற்கு அடையாளமாக அந்த ஆளின் கையில் ராக்கி கட்டினார். 2006-ல் அவர் விடுதலையானார். பிறகு புல்லுவழிக்கே வந்து அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். 2017-ல் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முக்திப்பேறு பட்டம் கொடுக்கப்பட்டது. பிரசங்கங்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கொலைக்கும் ராக்கிக்கும் நடுவே ஏழு வருடம் இருக்கிறது. ராக்கி கட்டும்போது அந்த ஆள் கம்பிக்கு உள்ளே இருந்தார். மன்னிப்பு வந்தபோது சட்டம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. உங்கள் தம்பி மனைவியிடம் யாராவது இந்தக் கதையைச் சொல்லி "நீயும் மன்னித்து வீட்டுக்குப் போ" என்றால், இந்த இரண்டையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இனி நான் நேரில் பார்த்தது. மலையோரத்துச் சபை ஒன்றில் ஒரு ரப்பர் வெட்டுக்காரன் இருந்தான். நல்ல கைக்காரன், மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுவான். குடிக்க ஆரம்பித்த பிறகு முதலாளியின் ஒட்டுபாலை, அதாவது மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பரை, திருடி விற்றான், பிறகு புகைப்புரையில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டையே தூக்கினான். கேரளத்தில் மாதம் ஒண்ணாம் தேதி மதுக்கடை கிடையாது. இவன் அன்றைக்கு முதல் பஸ்ஸில் எல்லை தாண்டி டாஸ்மாக் வாசலில் நிற்பான். ஒரு நாள் ராத்திரி வீட்டில் வந்து மனைவியின் கழுத்துச் செயினை இழுத்ததில் அவள் கழுத்தில் வரி விழுந்துவிட்டது. அவள் பிள்ளைகளோடு தாய்வீடு போனாள். வீட்டில் அம்மா மட்டும்.

அந்த அம்மா அன்று முதல் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்கதவையும் பின்கதவையும் உள்ளே தாழ் போட்டுவிடுவார். அவன் வந்து தட்டுவான், கெட்ட வார்த்தை பேசுவான். திறக்கமாட்டார். அக்கம்பக்கத்தார் வந்து என்னிடம் சொன்னார்கள், பெற்றவள் இப்படிக் கல்நெஞ்சாக இருக்கலாமா என்று. நானும், திரும்பி வந்த மகனை அப்பா சேர்த்துக்கொள்கிற கெட்ட குமாரன் கதையை வசதியாக மடியில் கட்டிக்கொண்டு புத்தி சொல்லப் போனேன். பின்பக்கமாக என்னைக் கூட்டிப் போனார். அடுக்களைத் திண்ணையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து, நாய் தள்ளாமல் இருக்க மேலே ஒரு செங்கல். திறந்து காட்டினார். மரச்சீனி, சாளைக் குழம்பு, ஓரத்தில் ஒரு பச்சை மிளகாய். "ஐயரே, கதவு பூட்டினதும் அவனுக்கு வேண்டித்தான், சோறு வச்சதும் அவனுக்கு வேண்டித்தான். உள்ள விட்டா என்னை அடிப்பான். அந்தப் பாவத்தையும் அவன் தலையில நான் என்னத்துக்கு ஏத்தணும்?" கையில் பணம் மட்டும் கொடுக்கவே மாட்டார். மருந்துக்கு என்று கேட்டால் மருந்தாக வாங்கி வந்து செங்கல்லுக்குக் கீழே வைப்பார்.

கெட்ட குமாரன் கதையில் அப்பா தூர தேசத்துக்கு மாதச் செலவு அனுப்பியதாக இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதே லூக்கா 15-ல் ஆட்டைத் தேடி மேய்ப்பன் காட்டுக்கே போகிறான். எப்போது காத்திருப்பது, எப்போது தேடிப் போவது என்று அந்த அதிகாரம் விதி வகுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அந்தத் திண்ணைதான்: நாம் செய்வது அவனுடைய அடுத்த பாட்டிலுக்குப் போகிறதா, அவன் வயிற்றுக்குப் போகிறதா. மத்தேயு 18:17-ஐயும் நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். சபைக்கும் செவிகொடுக்காதவன் உனக்கு அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் இருப்பானாக என்கிறார் இயேசு. தள்ளி வை என்றுதான் அர்த்தம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆயக்காரர்களோடு, அதாவது வரி வசூலிப்பவர்களோடு, பந்தியிருந்தவர் அதைச் சொல்கிறார், ஆயத்துறையிலிருந்து எழுந்து வந்தவனின் பெயரால் வழங்குகிற சுவிசேஷத்தில் அது எழுதியிருக்கிறது. தள்ளி வைப்பதும் கைகழுவுவதும் ஒன்றல்ல. கைகழுவினவர் பிலாத்து.

அந்த ரப்பர் வெட்டுக்காரன் தேறவில்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, மெடிக்கல் காலேஜிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வாரம் அம்மா கதவைத் திறந்து உள்ளே படுக்க வைத்தார். ஒரு சாயங்காலம் ஆள் அனுப்பினார், மகன் திருவிருந்து கேட்கிறான் என்று. போனேன். பேச்சு குழறியது, அரைகுறையாகப் பினாத்தினான், வாயில் ஒரு வாடை. யாரோ கூட்டாளி ஒரு வாய் ஊற்றிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். திருவிருந்தை இந்த நிலையில் கொடுக்கக் கூடாது, காலையில் தெளிவாக இருக்கும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் போனபோது நினைவில்லை. விழுங்க முடியவில்லை. மறுநாள் ராத்திரி போய்விட்டான். முற்றிய ஈரல் நோயில் மூளை குழம்பும், பேச்சு குழறும், வாயில் ஒரு தனி வாடை வரும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அவன் அன்றைக்குக் குடித்திருக்கவே இல்லையாம், அம்மாவும் சொன்னார். 325-ல் நிக்கேயா சங்கம் தன் 13-ஆம் விதியில், சாகப்போகிறவன் கேட்டால் திருவிருந்தை மறுக்காதே என்று சொல்லியிருக்கிறது. நோவேஷியன் கூட்டத்தோடு சபை மல்லுக்கட்டிய பிறகு வந்த விதி. செமினரி பரீட்சையில் நான் அதை ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதா என்று கமிட்டியில் இருவர் முனகினார்கள். அதை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அவன் இரட்சிக்கப்பட்டானா என்று என்னைக் கேட்டால், அந்தப் பதில் எந்தப் போதகர் கையிலும் இல்லை. நரகம் உண்டா, எல்லோரும் கடைசியில் சேர்க்கப்படுவார்களா என்பதில் சபைகள் ஒன்றுபட்டதும் இல்லை. மரித்தவர்களுக்காகக் கத்தோலிக்கரும் கீழைச் சபையாரும் ஜெபிக்கிறார்கள், நம்மில் பெரும்பாலோர் ஜெபிப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் நினிவே ஈசாக்கு என்று ஒரு துறவி இருந்தார். பழைய கேரள சிரியன் கிறிஸ்தவர்களுக்கு பிஷப்புகளை அனுப்பிவந்த அதே கீழைச் சீரிய சபையைச் சேர்ந்தவர். பிறந்தது, நம்மூர்ப் பையன்கள் விசா எடுத்துப் போகிற கத்தாரையும் உள்ளடக்கிய வளைகுடாக் கரையில். இரக்கமுள்ள இருதயம் என்பது மனுஷருக்காகவும் பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் பிசாசுகளுக்காகவும்கூட எரிகிற இருதயம் என்று எழுதினார். பிசாசு வரைக்கும் போக எனக்குத் தைரியமில்லை. பாறசாலைக் குடிகாரனுக்காக ஜெபிக்கலாமா என்ற கேள்விக்கு இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஜெபிக்கலாம். உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் கொஞ்ச காலம் வேறு யாரையாவது ஜெபிக்கச் சொல்லுங்கள். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்தார்கள், ஒருத்தியாகத் தூக்க வேண்டும் என்று அங்கேயும் இல்லை.

மருத்துவப் பக்கம் சொல்ல வேண்டியவை சில உண்டு, இவற்றில் சந்தேகம் இல்லை. பல வருடம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உபவாச ஜெபம் என்று சொல்லி அறையில் மூன்று நாள் பூட்டி வைக்கிற இடங்களுக்கு அவனை அனுப்பாதீர்கள். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரை, பொடி எதுவும் வேண்டாம். அவற்றில் டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்து, தெரியாமல் அவன் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து செத்தும் போகலாம். நான்கு முறை தவறியது கைவிடப்பட்டதற்கு அடையாளம் அல்ல. பி.பி., சர்க்கரை போல இதுவும் திரும்பத் திரும்ப வருகிற நோய். மையத்தை விட்டு வந்த பிறகு தொடர் சிகிச்சை இருந்ததா என்று பாருங்கள். குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மனநல டாக்டர் பார்த்துத்தான் தர முடியும். மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் கேளுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு ஃபோன் செய்தாலும் வழி சொல்வார்கள். குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் கேரளத்தில் நிறைய நடக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அது உங்களுக்கு. தம்பி வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

உங்கள் நீண்ட கேள்வியில் தம்பியின் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, செயின் போன விஷயம். அவர் இப்போது எங்கே படுத்துத் தூங்குகிறார்? அந்த வீட்டில்தான் என்றால், இன்றைக்கே அவரோடு பேசுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவர் ஃபோனில் போட்டுக் கொடுங்கள், உங்கள் வீட்டிலோ அவர் தாய்வீட்டிலோ ஒரு அறை ஒழித்துக் கொடுங்கள். மூப்பருக்கு நான் வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.